பாட்டுக்காரர் கட்டிய நீலப் பட்டை



பாட்டாளிகளின் வாழ்க்கையை ஆவணப்படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று பேசச் சொன்னார்கள். உலகத்து ஆவணப்படங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஆனந்த் பட்வர்தன். அவர் படங்களிலும் இரண்டின் மேல்தான் நிற்கப்போகிறேன். ஒன்று, 1985இல் வந்த 'ஹமாரா ஷஹர்', அதாவது 'பம்பாய் நமது நகரம்'. இன்னொன்று, 2011இல் வந்த 'ஜெய் பீம் காம்ரேட்'. நடுவில் இருபத்தாறு வருடம். அந்த இடைவெளியில் அவருடைய கண்ணில் ஒரு மாற்றம் நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சேலத்துக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நிலமில்லாத விவசாயக் கூலி. பஞ்சத்தில் வேலை போய், 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார். தஹிசர் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கூலி ஒரு நாளைக்கு 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஒரு குடிசை. அதற்கும் சும்மா இடம் கிடைக்கவில்லை, அந்த வட்டாரத்து தாதா 2,500 ரூபாய் பிடுங்கிக்கொண்டான். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு நாள் கூலிக்கும் மேல். மனைவி, மூன்று மகள்கள் எல்லோரும் அதற்குள்தான். 1981 ஜூலை 23ஆம் தேதி மாநகராட்சி ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்துப்போட்டு, குடும்பத்தைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிப் போனார். மறுபடியும் நடைபாதை.

இதை நான் எந்தச் சிறுகதையிலிருந்தும் எடுக்கவில்லை. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படித்த எல்லோருக்கும் தெரிந்த வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது இருக்கிறது. அந்த ஜூலை மாதம், கொட்டுகிற மழைக்கு நடுவே, மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே ஓர் அறிவிப்புச் செய்தார். நடைபாதைவாசிகள் எல்லோரையும் அப்புறப்படுத்தி, அவரவர் வந்த ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்பது அந்த அறிவிப்பு. அதை எதிர்த்துத்தான் வழக்கு. 1985 ஜூலை 10இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றார்கள். பெரிய வார்த்தைதான். ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம், மழைக்காலம் போகட்டும், அக்டோபர் 31 வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. உரிமை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

அதே 1985இல்தான் 'ஹமாரா ஷஹர்' வந்தது. இதே நகரம், இதே குடிசைகள், இதே இடிப்பு. லாரி வருகிறது, போலீஸ் வருகிறது, மூங்கிலைப் பிடுங்குகிறார்கள், பெண்கள் பாத்திரம் பண்டத்தை வாரிக்கொண்டு ஓடுகிறார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே மூங்கில் மறுபடியும் நிற்கிறது. இதை மட்டும் எடுத்திருந்தால் அதுவும் நல்ல படமாகத்தான் இருந்திருக்கும். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

பட்வர்தன் கேமராவை அப்படியே திருப்பி மாடி வீடுகளின் பக்கமும் கொண்டுபோனார். நகரத்தை அழகுபடுத்தக் கவலைப்படும் கனவான்கள், மாநகராட்சியின் பெரிய அதிகாரி, காவல்துறை ஆணையர், விளம்பர உலகத்துப் பிரமுகர் என எல்லோரையும் பேசவிட்டார். அவர்கள் கோபமாகப் பேசுவதில்லை. நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில், பொதுநலம் கருதியே பேசுகிறார்கள். குடிசைக்காரர்களால் நகரம் கெட்டுப்போகிறது என்கிறார்கள். அடுத்த காட்சியில், அந்த நகரத்தின் கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்த ஆட்கள் நிற்கிறார்கள். வர்ணனைக் குரல் வந்து எதையும் விளக்குவதில்லை, இரண்டு காட்சியையும் ஒட்டிவைத்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிடுகிறது. ஏழையின் வீட்டுக்குள் கேமராவோடு நுழைய யாரும் அனுமதி கேட்பதில்லை, கதவே இல்லாத வீடு அது. மாடி வீட்டுக்குள் நுழைய நேரம் வாங்க வேண்டும். அந்த நேரத்தை வாங்கிக்கொண்டு போய் அவர்களையும் அதே வெளிச்சத்தில் காட்டியது அன்றைக்குப் புதிது. அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்து தியேட்டர்களில் கட்டாயமாக ஓட்டிய செய்திப்படங்களையே ஆவணப்படம் என்று நம்பிக்கொண்டிருந்த தலைமுறை இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தில் ஒரு பெண் வருகிறார். குடிசை போன ஆத்திரத்தில் இருக்கிறார். கேமராவைப் பார்த்ததும் அந்த ஆத்திரம் படமெடுப்பவர் மேல் திரும்புகிறது. எங்களைப் படமெடுத்து நீ பேர் வாங்கிக்கொள்வாய், எங்களுக்கு உன்னால் என்ன ஆகப்போகிறது என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். அதை வெட்டி எறிந்திருக்கலாம், பெரும்பாலானவர்கள் எறிந்திருப்பார்கள். அவர் வைத்துக்கொண்டார். படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது, அந்த அம்மா சொன்னபடியே.

அந்தக் கேள்விக்குப் படத்துக்குள் பதில் இல்லை. வெளியே ஓரளவுக்கு இருந்தது. 1986இல் நரிமன் பாயின்ட் அருகே சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைப் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். படத்தில் வருகிற மக்கள்தான். அங்கே குடியிருந்தவர்களோடு பட்வர்தனும் நடிகை ஷபானா ஆஸ்மியும் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஐந்து நாள். கடைசியில் கோரேகாவில் மாற்று இடம் கிடைத்தது. தூரம்தான், ஆனாலும் நிலம். ஒரு படத்துக்காக இப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். படமெடுத்தவர் படம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இவர் யார் என்று இளைஞர்களுக்காக நாலு வரி. 1950இல் பம்பாயில் பிறந்தவர். வசதியான, படித்த, சுதந்திரப் போராட்டத்தில் ஊறிய குடும்பம். சோஷலிஸ்ட் தலைவர் அச்யுத் பட்வர்தன் இவருக்குப் பெரியப்பா. அமெரிக்காவில் சமூகவியல் படித்துவிட்டுத் திரும்பி, 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் பீகார் இயக்கத்தைப் படமெடுத்தார். நெருக்கடி நிலை வந்ததும் அந்தப் பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, ஆள் மூலம் வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே ஒட்டினார்கள். கனடாவில் படித்த காலத்தில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தோட்டங்களில் பூச்சிமருந்துக்கு நடுவே பழம் பறித்த பஞ்சாபிக் கூலிகள் சங்கம் வைத்ததைப் படமாக்கினார். பிறகு பாபர் மசூதி, நர்மதை, அணுகுண்டு என்று அவர் எடுத்த படங்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுக்கும், இவர் நீதிமன்றம் போவார். இதுவே பழக்கமாகி, 2006இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த கதையும் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இவற்றுக்கு நடுவில் ஒரு சின்னப் படம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது: 1996இல் வந்த 'தொழில்: மில் தொழிலாளி'. 22 நிமிடம்தான். 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்த பிறகு பம்பாய் பஞ்சாலைகள் எப்படி ஒவ்வொன்றாக மூடின என்று நமக்குத் தெரியும். மில்லை ஓட்டுவதைவிட மில் நிலத்தை விற்றால் லாபம் என்று முதலாளிகள் கண்டுகொண்ட காலம். நியூ கிரேட் ஈஸ்டர்ன் மில்லில் நான்கு வருடக் கதவடைப்பு. ஒரு நாள் தொழிலாளர்கள் பூட்டை மீறி உள்ளே போய் மில்லைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே போனதும் கோஷம் போடுவதோடு நிற்கவில்லை, தூசி தட்டி இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பிக்கிறார்கள். தொழிலாளியைப் பரிதாபத்துக்குரியவனாகக் காட்டுவதற்கும் தொழில் தெரிந்தவனாகக் காட்டுவதற்கும் உள்ள தூரம் அந்தக் காட்சியில் தெரியும். எனக்கு இந்த மனிதரின் படங்களிலேயே பிடித்தமான இடம் அதுதான். நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது பாடகருக்கு வருகிறேன்.

'ஹமாரா ஷஹர்' படத்தில் ஒருவர் பாடுகிறார். மெலிந்த ஆள், கையில் இசைக்கருவி, கணீரென்ற குரல். ஒரு தொழிலாளியின் துயரக் கதையைப் பாட்டாகச் சொல்கிறார். படத்துக்கு முதுகெலும்பே அந்தக் குரல்தான். பெயர் விலாஸ் கோக்ரே. அவரும் குடிசைவாசிதான். மராட்டியத்தில் ஷாஹிர் என்று ஒரு மரபு உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பாட்டால் அரசியல் பேசுகிறவர்கள். அந்த மரபில் வந்த அண்ணாபாவ் சாத்தே காலத்திலிருந்து கம்யூனிஸ்ட் இயக்கமும் அம்பேத்கர் இயக்கமும் இந்தப் பாட்டுக்காரர்களின் தோளில் ஏறித்தான் சேரிக்குள் போயின. கோக்ரே 'ஆவ்ஹான் நாட்டிய மஞ்ச்' என்ற இடதுசாரிக் கலைக்குழுவில் பாடினார். அதனால் பட்வர்தனுக்கு அவர் ஒரு தோழர், செங்கொடிப் பாடகர். 1985 படத்தில் அவர் யாராக வருகிறார்? பாட்டாளியாக வருகிறார். தலித்தாக வரவில்லை.

இங்கே அந்தத் தீர்ப்பை மறுபடியும் எடுக்கிறேன். அதில் சேலத்துக்காரருக்கு அடுத்த மனுதாரர் சங்கம்னேரிலிருந்து வந்தவர். ஊரில் செருப்புத் தைத்து ஒரு நாளைக்கு ஏழெட்டு ரூபாய் சம்பாதித்தவர். வீடு இடிந்து விழுந்ததும் பம்பாய்க்கு வந்து பதிலித் தொழிலாளி ஆனவர். நடைபாதை இடத்துக்கு உள்ளூர் ரௌடிக்கு 300 ரூபாய், மூங்கிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் 700 ரூபாய் என்று பைசாக் கணக்கு முதற்கொண்டு நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். செருப்புத் தைப்பவர் என்று தொழில் எழுதப்பட்டிருக்கிறது. சாதி எழுதப்படவில்லை. சேலத்திலிருந்து போனவர் நிலமற்றவர் என்று இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் 1961இல் யாருக்கு நிலம் இருந்தது, யாருக்கு இல்லை என்று இந்த அவையில் நான் சொல்ல வேண்டுமா? நீதிபதிகளும் சரி, படமெடுத்தவரும் சரி, அன்றைக்கு அந்த மக்களை ஏழைகள் என்ற ஒரே வார்த்தைக்குள் பார்த்தார்கள். அக்கறையோடுதான் பார்த்தார்கள். அந்த அக்கறைக்குள் ஒரு விஷயம் மறைந்துபோனது.

1997 ஜூலை 11. காட்கோபரில் ரமாபாய் நகர். அம்பேத்கரின் மனைவி பெயரில் அமைந்த தலித் குடியிருப்பு. விடிந்து பார்த்தால் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை. மக்கள் நெடுஞ்சாலையில் கூடினார்கள். ஆயுதப் போலீஸ் வந்து சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். எரிவாயு டேங்கரைக் கொளுத்தப் பார்த்தார்கள், அதனால்தான் சுட்டோம் என்றது போலீஸ்.

கோக்ரே அந்தச் சாவுகளைப் பார்த்துவிட்டு வந்தவர். நான்கு நாள் கழித்து, ஜூலை 15 அன்று, தன் குடிசையில் உயிரை மாய்த்துக்கொண்டார். சாவதற்கு முன் சுவரில் அந்தத் தியாகிகளுக்கு வணக்கம் எழுதினார். தலையில் ஒரு பட்டை கட்டியிருந்தார். நீல நிறம்.

பல வருடம் சிவப்புக்குப் பாடியவர் அம்பேத்கர் இயக்கத்தின் நீலத்தைக் கட்டிக்கொண்டு ஏன் போனார்? அந்த நிறத்தைத்தான் பட்வர்தனால் தாண்டிப் போக முடியவில்லை. கோக்ரே இறப்பதற்கு முன்பே அவருடைய குழு அவரை விலக்கிவைத்திருந்தது. அதையும் பட்வர்தன் பிறகு எடுத்த படம் மறைப்பதில்லை. நமக்குத் தோழராகத் தெரிந்தவர், அவருக்கு அவரே யாராக இருந்தார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கேமராவோடு ரமாபாய் நகருக்குள் போனவர் பதினான்கு வருடம் வெளியே வரவில்லை. அதுதான் 'ஜெய் பீம் காம்ரேட்'. தலைப்பில் இருக்கும் இரண்டு வணக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள்.

பதினான்கு வருடம் என்றால் என்ன நடக்கும்? விசாரணை ஆணையம் வரும், அறிக்கை வரும், ஆட்சி மாறும். சுடச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டருக்கு 2009இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள், பிறகு ஜாமீனும் கிடைத்தது. 2006இல் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேரை அடித்துக் கொன்றார்கள். நேற்று சிங்கமாக முழங்கிய தலித் தலைவர்கள் யாரை எதிர்த்து முழங்கினார்களோ அவர்களோடு மேடையேறினார்கள். இதெல்லாம் படத்தில் இருக்கிறது. ஒரு தொலைக்காட்சிக் குழு மூன்று நாள் தங்கி எடுத்திருந்தால் இதில் எதுவும் கிடைத்திருக்காது. டேங்கர் எங்கே நின்றது, சுட்டவர்கள் எங்கே நின்றார்கள், பிணங்கள் எங்கே விழுந்தன என்று படம் இடம் இடமாகக் காட்டுகிறது. போலீஸ் சொன்ன கதை அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாமல் விழுகிறது. வழக்கறிஞர்கள் இங்கே இருந்தால் அந்தப் பகுதியைக் கூர்ந்து பாருங்கள்.

ஆனால் படத்தின் உயிர் அதில் இல்லை, பாட்டுகளில் இருக்கிறது. எத்தனை பேர் பாடுகிறார்கள்! கோக்ரேயின் தோழர் சம்பாஜி பகத் பாடுகிறார், வீட்டு வேலை செய்யும் பெண்கள் பாடுகிறார்கள், தெருமுனையில் சிறுவர்கள் பாடுகிறார்கள். 'குரலற்றவர்களின் குரல்' என்று ஆவணப்படக்காரர்களைப் பாராட்டும் ஒரு வழக்கம் நம் அழைப்பிதழ்களில் உண்டு. இன்றைய அழைப்பிதழிலும் அச்சாகியிருக்கிறது, அமைப்பாளர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்தால் அந்த வரியை அச்சிடக் கை வராது. குரலுக்கா அவர்களிடம் பஞ்சம்? மூன்று மணி நேரம் போதவில்லை.

பிற்பகுதியில் புனேயிலிருந்து கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் குழு வருகிறது. அதில் ஷீதல் சாத்தே என்ற பெண்ணின் குரலைக் கேட்டால் மறக்க முடியாது. சாதியையும் சுரண்டலையும் ஒரே மூச்சில் பாடுகிறவர்கள் இவர்கள். கோக்ரே பிரித்துப் பார்த்துத் தவித்த இரண்டும் இவர்களிடம் ஒட்டியே இருக்கின்றன. அதனாலேயே நக்சல் என்று முத்திரை விழுந்து, 2011இல் தலைமறைவானார்கள். 2013இல் மும்பையில் மகாராஷ்டிர சட்டமன்றத்துக்கு முன்னால் வந்து நின்று கைதானார்கள். அப்போது ஷீதல் கர்ப்பிணி. அவர்களுக்காகப் பாதுகாப்புக் குழு அமைத்து நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களில் பட்வர்தனும் ஒருவர்.

குறை சொல்லவே ஒன்றும் இல்லையா? இருக்கிறது. டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாளன்று லட்சக்கணக்கான மக்கள் தாதர் சிவாஜி பூங்காவுக்கு வருவார்கள். அதைச் சுற்றியிருக்கும் வசதியான வீட்டுக்காரர்கள் குப்பை, நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பதைப் படம் காட்டுகிறது. 1985இன் அதே உத்திதான், மாடிப் பக்கம் திரும்பும் கேமரா. அங்கே அது பொருந்துகிறது. ஆனால் தெருவில் போகிற நாலு பணக்காரப் பையன்களை நிறுத்தி, சாதி தெரியுமா, அம்பேத்கர் தெரியுமா என்று கேட்டு, அவர்கள் உளறுவதை வைத்து நம்மைச் சிரிக்கவைப்பது எனக்கு உவப்பாக இல்லை. தெரியாதவனின் உளறலைவிட, எல்லாம் தெரிந்தவனின் நாசூக்கான பேச்சுதான் ஆபத்தானது. 'ஹமாரா ஷஹர்' அதைத்தான் பிடித்திருந்தது. சிரிக்கிற நேரத்தில் நாம் அந்தப் பையன்களைவிட உயர்ந்தவர்களாகிவிடுகிறோம். அந்தச் சௌகரியத்தை இந்தப் படம் நமக்குக் கொடுத்திருக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மேல்சாதியில் பிறந்த ஒருவர் தலித் மக்களின் துக்கத்தைப் படமாக்கலாமா? எடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் எடுத்த படத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அந்தக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளின் கைக்குக் கேமரா வந்துவிட்ட காலம் இது. அவர்கள் எடுக்கும் படத்தில் பட்வர்தன் போன்றவர்கள் எப்படித் தெரிவார்கள் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது. பட்வர்தன் தன் வீட்டையே ஒரு படமாகத் தர 'ஜெய் பீம் காம்ரேட்' வந்து இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 2023இல் வந்த 'வசுதைவ குடும்பகம்' அவருடைய அப்பா, அம்மா, பெரியப்பாக்களைப் பற்றியது. அம்மா நிர்மலா மண்பாண்டக் கலைஞர், சாந்திநிகேதனில் படித்தவர். அழகான, பாசமான படம். மாடி வீட்டை இவ்வளவு பாசத்தோடு அவர் எடுத்த ஒரே படமும் அதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.

'ஜெய் பீம் காம்ரேட்' முடிந்த பிறகு அதை மும்பையின் தொழிலாளர் குடியிருப்புகளில் காட்டினார்கள். திறந்தவெளியில் திரை கட்டி, ரமாபாய் நகர் உட்பட. படத்தில் இருப்பவர்களே எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். தங்கள் பாட்டைத் திரையில் கேட்டார்கள், தங்கள் தலைவர்கள் மேடை மாறியதையும் அதே திரையில் பார்த்தார்கள். சங்கடமான பார்வையாளர்கள்தான். பொய் இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லியிருப்பார்கள்.

இன்று நீங்கள் பார்க்கப்போவதும் அந்தப் படத்தைத்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், நடுவில் ஒரு தேநீர் இடைவேளை விடச் சொல்லியிருக்கிறேன். மராத்தியும் இந்தியுமாகத்தான் பேசுவார்கள், கீழே ஆங்கில எழுத்து ஓடும், பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். பாட்டு வரும்போது எழுத்தைப் படிக்கிற அவசரத்தில் பாடுகிறவர்களின் முகத்தை விட்டுவிடாதீர்கள். எனக்கு மறுப்புச் சொல்ல விரும்புகிறவர்கள், குறிப்பாக அந்தப் பையன்கள் விஷயத்தில், படத்துக்குப் பிறகு சொல்லலாம். நான் கடைசி வரை இருப்பேன்.